எண்பத்தொன்றாம் பக்கம்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் என் நாவலை வெளியிட்டார்கள்.
முந்நூறு படிகள்.
முதல் நூல் பெற்றவர் ஐந்நூறு வெள்ளி,
அடுத்தவர் இருநூறு,
அப்புறம் வரிசையாக ஐம்பதுகள்,
கல்யாண மொய்போல ஒட்டிய உறைகளில்.
உறையை நீட்டி, நூலை வாங்கி,
கேமராவுக்கு ஒரு சிரிப்புச் சிரித்து
மீகூன் மேசைப்பக்கம் நகர்ந்தார்கள்.
இருநூற்றுப் பதினெட்டு போயிற்று.
அச்சகத்துக் கடனை அன்றிரவே அடைத்தேன்.

குறை சொல்லவில்லை.
இந்த ஊரில் தமிழில் எழுதினால்
அச்சுக்கூலி இப்படித்தான் வந்து சேரும்.
ஞாயிறு மலரில் மதிப்புரைகூட வந்தது:
'தொடக்கம் முதல் முடிவுவரை தொய்வில்லா நடை.'
வெட்டி எடுத்து
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்.
போட்டிக்கு மூன்று படி அனுப்பினேன்.
ஆறுதல் பரிசு. சான்றிதழில்
என் பெயருக்கு ஒரு கால் குறைந்திருந்தது.

ஏழு மாதம் கழித்து
தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
பின்னால் எண்ணெய் கொதிக்கும் சத்தம்.

"நீங்கதானே எழுதினது?
எண்பதாவது பக்கத்துல வள்ளிக்கண்ணு
புடுராயாவுல மழையில பஸ்ஸுக்கு நிக்கிறா.
திருப்பினா மறுபடியும் அறுபத்தஞ்சு.
சரி, ஏதோ நினைச்சுப் பார்க்கிறா போலன்னு
திரும்பவும் படிச்சேன்.
அதே எண்பது. அதே மழை.
அடுத்து தொண்ணூத்தேழு,
ஈப்போவுல உட்கார்ந்து சிரிச்சிக்கிட்டு இருக்கா!
நடுவுல என்னாச்சு லா?"

கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தேன்.
ஒன்றைப் பிரித்தேன். இன்னொன்றை.
எல்லாவற்றிலும் ஒரு ஃபாரம் இரண்டு முறை,
ஒரு ஃபாரம் இல்லவே இல்லை.
பதினாறு பக்கம்.
எனக்கு இரண்டு வருடம் பிடித்த பதினாறு பக்கம்.

இருநூற்றுப் பதினெட்டுப் பேர்.
மூன்று நடுவர். ஒரு தொய்வில்லா நடை.
அப்புறம் நான்.
அட்டையைத் தடவிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன்,
என் படத்தில் முகப்பூச்சு அதிகமோ என்று யோசித்தேன்.
உள்ளே போகவில்லை நானும்.

"ஒங்களுக்கு இந்தப் புத்தகம் எப்படிக் கிடைச்சது?"

"நான் தேவசுந்தரி. செந்தூல் பசார் ஃபிளாட்.
அன்னைக்கு மண்டபத்துல மீகூனு, வடை எல்லாம் நாந்தான்.
நாற்காலி மடக்கும்போது கீழ கிடந்துச்சு.
முதல் பக்கத்துல என்னமோ கையெழுத்து இருக்கு...
'இலக்கியப் புரவலர் டத்தோ அவர்களுக்குப் பேரன்புடன்.'
திருப்பிக் கொடுக்கணுமா?"

வேண்டாம் என்றேன்.
விடுபட்ட பக்கங்களை
இப்போதே வாட்சப்பில் அனுப்புகிறேன் என்றேன்.

"இரு இரு. அனுப்பாத.
ஒரு வாரமா நானே ஒண்ணு நெனைச்சு வெச்சிருக்கேன்.
அதைக் கேளு முதல்ல."

வடையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்.
என் பதினாறு பக்கத்தில்
ஒரு கடிதம், ஒரு துரோகம், 
தண்டவாளத்தோரம் ஒரு நெடிய அழுகை.
அவள் சொன்னதில்
வள்ளிக்கண்ணு பஸ்ஸில் ஏறி, நனைந்த தலையோடு
ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள்.
தாப்பாவில் இறங்க வேண்டியவள்.
யாரும் எழுப்பவில்லை.
விழிக்கும்போது ஈப்போ.
கையில் மூன்று வெள்ளி. அவளைத் தேடி
அந்த ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள்.
"சிரிப்பு வராதா பின்ன?"

நான் ஒன்றும் பேசவில்லை.
சட்டியில் எதையோ போட்டாள், சீறியது.

"அக்கா, அடுத்த பதிப்புல
இதை நான் எழுதிக்கட்டுமா?"

"எழுதினா எவ்ளோ கிடைக்கும்?"

சொன்னேன். உள்ளதைச் சொன்னேன்.

"ஐயோ பாவம்" என்றாள்.
"அப்ப சும்மாவே எடுத்துக்கோ.
ஆனா பஸ்ஸுல அவளுக்கு ஜன்னல் சீட்டு குடு."